மஞ்சள் தாளைத் தூக்கிப்போட்டவன் எழுதுவது: பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடைக் கேட்டலாக்குகளை ஸ்கேன் செய்யும் நம் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

கடந்த கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. பி.டி.எஃப். தயாரானதும் மூல டிஃப் கோப்புகளை, அதாவது ஸ்கேனரிலிருந்து நேராக வந்த தரம் குறையாத படங்களை, அழித்துவிடலாம். ஸ்கேன் முடிந்த கேட்டலாக்குகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம். ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் கேட்டலாக்கின் இன்னொரு பிரதியை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எல்லாரும் தலையாட்டினீர்கள். நான் மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேசியிருக்க வேண்டும்தான். கூட்டத்தில் வாதாட எனக்கு வராது. எழுத வரும். வாக்கெடுப்பு மாதக் கடைசியில் என்பதால் அதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

மூன்றுக்கும் நான் எதிர்ப்பு. ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

குழுவில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு தடிமனான கேட்டலாக் கிடைத்தது. எழுபதுகளில் அச்சானது. வைத்திருந்தவர் இறந்துபோய், அவர் மகன் அலமாரியைக் காலி செய்யும்போது கொடுத்தது. பசை போட்டு ஒட்டிய பைண்டிங். ஐம்பது வருடத்தில் அந்தப் பசை காய்ந்து, பிரித்தால் முறுக்கு போல நொறுங்கியது. சரி, எப்படியும் பிரியப்போகிறது என்று அச்சகத்தில் கொடுத்து முதுகை நேராக வெட்டிவிட்டேன். தாளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் கட்டுக் கட்டாக வைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்று குழு போடும் பக்க எண்ணிக்கைப் பட்டியலில் அந்த மாதம் என் பெயர்தான் முதலில் இருந்தது. தாள்கள் அடுத்த வாரமே பழைய பேப்பரோடு போய்விட்டன.

ஆறு மாதம் கழித்து ஒருவர் கேட்டார்: “உங்கள் ஸ்கேனில் 111ஆம் பக்கத்துக்கு அப்புறம் 114தானே வருகிறது?” பார்த்தேன். ஆமாம். ஸ்கேனர் இரண்டு தாளை ஒன்றாக இழுத்திருக்கிறது. முன் தாளின் முன்பக்கமும் பின் தாளின் பின்பக்கமும் பதிவாகியிருக்கின்றன, நடுவில் இருந்த இரண்டு பக்கங்கள் இல்லை. இழுத்த வேகத்தில் நான் கவனிக்கவில்லை. அவர் அடுத்துக் கேட்டதுதான் இன்னும் மோசம். “டிரான்சிஸ்டர் பக்கங்களில் விலையே போடவில்லை, தனி விலைத்தாளைப் பார்க்கவும் என்று இருக்கிறது. அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதா?”

இருந்தது. நாலாக மடித்த மஞ்சள் தாள், செய்தித்தாள் போல மெலிசு, ஓரத்தில் பென்சில் டிக்குகள். முதுகை வெட்டுவதற்கு முன் கேட்டலாக்கை உதறியபோது கீழே விழுந்தது. ஏதோ விளம்பரத் துண்டு என்று நினைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டது நான்தான்.

டிஃபையும் வைத்துக்கொள்ளாமல் காகிதத்தையும் வைத்துக்கொள்ளாமல் இன்னொரு பிரதியையும் வாங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அனுமானிக்க வேண்டியதில்லை. நான் செய்துபார்த்துவிட்டேன். அந்த மூன்று யோசனைகளும் சேர்ந்து குழுவையே அன்றைய நானாக ஆக்கிவிடும்.

நம் ஸ்கேன்களை யார் எதற்குத் திறக்கிறார்கள் என்பதை நாம் சரியாக யோசித்ததில்லை என்று தோன்றுகிறது. நமக்குள் பேசும்போது அட்டைப்படத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். பிரிட்டிஷ் கடையான மேப்லினின் கேட்டலாக் அட்டையில் வரும் விண்கலங்களுக்கு மயங்காதவர் யார்? (அட்டையை மட்டும் 600 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, என்று வண்ணத்தில் எடுத்துவிட்டு உள்பக்கங்களை 200இல் கறுப்பு வெள்ளையாகத் தள்ளிய கோப்புகள் நம்மிடம் எத்தனை என்று எண்ணினால் நமக்கே வெட்கமாக இருக்கும்.) ஆனால் எனக்கு வரும் கேள்விகள் அட்டையைப் பற்றியவை அல்ல. பழுதுபார்க்கும் மேசையிலிருந்து வருகிறவை.

ரேடியோ ஷாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் பாஸ்டனில் தொடங்கிய கடை, அறுபதுகளில் டாண்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. உதிரிப்பாகங்களுக்குத் தன் சொந்த எண்ணைத்தான் போட்டு விற்றது. 271 என்று தொடங்கினால் ரெசிஸ்டர், 272 கெப்பாசிட்டர், 275 சுவிட்ச், 276 என்றால் டயோடு, டிரான்சிஸ்டர், ஐ.சி. வகையறா. 276-1723 என்ற பாக்கெட்டுக்குள் இருந்தது, சிக்னெடிக்ஸ் 1972இல் கொண்டுவந்த நம் பழைய நண்பன் 555 டைமர். வீட்டில் செய்துபார்ப்பதற்கான அந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸ் கட்டுரைகளில் பாகங்களின் பட்டியலில் பல நேரம் இந்தக் கடை எண் மட்டும்தான் இருக்கும். 555 என்றால் சுற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். எட்டுக் கால், மூன்றாவது காலில் அவுட்புட், யாருக்கும் தெரியும். ஆனால் கடை எண் மட்டும் போட்ட ஒரு டிரான்ஸ்பார்மரையோ, பெயர் தெரியாத ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரையோ எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அந்த எண்ணுக்கு அகராதி அந்த வருடத்துக் கேட்டலாக்தான். இன்னொரு புத்தகத்தில் அது கிடைப்பது அரிது. அதுவும் முன்பக்கத்து வண்ணப் படங்களில் இல்லை, கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் நெருக்கி அச்சிட்ட அட்டவணையில் இருக்கிறது. நாம் அசட்டையாக எடுக்கும் பக்கங்கள் அவைதான்.

நாமே பூட்டிக்கொள்ளும் கருவிகளைக் கிட்டாக விற்ற அமெரிக்க நிறுவனமான ஹீத்கிட்டும் அப்படித்தான். 1947இல் ஆஸிலோஸ்கோப் கிட் விற்கத் தொடங்கி, 1992இல் கிட் விற்பதை நிறுத்தியது. தெருவோரத்தில் கண்டெடுத்த ஒரு பழைய ஹீத்கிட் மீட்டரைச் சரிசெய்கிறவருக்கு அது எந்த வருடங்களில் விற்பனையில் இருந்தது, அதோடு என்ன புரோப் (தொட்டு அளக்கும் முனை) வந்தது, பக்கத்து மாடலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் தெரிய வேண்டும். கையேடு ஒரு மாடலைப் பற்றி மட்டும் பேசும். கேட்டலாக்தான் எல்லா மாடல்களையும் பக்கம் பக்கமாக நிறுத்திவைத்துக் காட்டும்.

விலைகளைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அமெரிக்க நிறுவனமான ரேதியான் 1953இல் சிகே722 என்ற டிரான்சிஸ்டரை ஆர்வலர்களுக்கு விற்கத் தொடங்கியபோது விலை 7.60 டாலர். சில வருடங்களில் 99 சென்ட்டுக்கு வந்துவிட்டது. ஒரு பையன் தன் கையால் டிரான்சிஸ்டர் ரேடியோ கட்டுவது எந்த வருடத்திலிருந்து சாத்தியமானது என்று அந்த விலை இறங்கியதைப் பார்த்தால் சொல்லிவிடலாம். அதே கேட்டலாக்குகளில் டிரான்சிஸ்டருக்கு முந்திய வால்வுகளின் பக்கங்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையையும் எண்ணிப் பார்க்கலாம். வருடா வருடம் தொடர்ச்சியாக, பக்கம் விடாமல் இருந்தால் மட்டும்.

சரி, டிஃபுக்கு வருகிறேன். “பி.டி.எஃப். இருக்கும்போது டிஃப் எதற்கு, கண்ணுக்கு ஒரே மாதிரிதானே தெரிகிறது” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவதுதான் ஆபத்து.

2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியாளர் ஒரு கட்டட வரைபடத்தை ஸெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். வரைபடத்தில் மூன்று அறைகளுக்கு மூன்று வெவ்வேறு பரப்பளவு போட்டிருந்தது. ஸ்கேனில் மூன்றுமே 14.13 சதுர மீட்டர். மங்கலாகவோ கலங்கலாகவோ இல்லை, அச்சடித்த மாதிரி தெளிவாக, தவறாக. காரணம் ஜேபிக்2 என்ற சுருக்க முறை. பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளைத் தேடி, ஒரு எழுத்தின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். இடம் மிச்சமாகும். கொஞ்சம் தாராளமாக விட்டால் 6 இருந்த இடத்தில் 8 உட்கார்ந்துவிடும். நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. ஆனால் அதே சுருக்க முறை இன்றைக்கும் பி.டி.எஃப்.பைச் சின்னதாக்கும் பல மென்பொருள்களுக்குள் இருக்கிறது, விவரம் கொஞ்சம் போய்விடுகிற இழப்புள்ளது, எதுவும் போகாத இழப்பில்லாதது என்று இரண்டு வகையாக. நாம் பயன்படுத்தும் கருவியில் எது இயங்குகிறது என்று நம்மில் எத்தனை பேர் அமைப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறோம்? நானும் போன மாதம்தான் பார்த்தேன்.

கதைப் புத்தகத்தில் ஒரு எழுத்து மாறினால் படிக்கிறவர் தானே திருத்திக்கொள்வார். கேட்டலாக்கில் அப்படி முடியாது. பக்கம் முழுக்க எண்கள்தான், ஒவ்வொரு எண்ணும் பக்கத்து எண்ணைப் போலவே நம்பும்படி இருக்கும். 276-1628 என்று இருப்பது 276-1626 என்று மாறினால் எந்த வாக்கியமும் பிழையாகத் தெரியாது.

புள்ளி ஒன்று தொலைந்தாலே போதும். 4.7 கிலோ ஓமை 4கே7 என்று எழுதும் வழக்கம் எதனால் வந்தது தெரியுமல்லவா? அச்சிலும் நகலிலும் தசமப் புள்ளி காணாமல் போய் 4.7 என்பது 47 ஆகிவிடுகிறது என்பதால்தான் புள்ளியின் இடத்தில் எழுத்தைப் போட்டார்கள். பழைய அமெரிக்கக் கேட்டலாக்குகளில் அந்த வழக்கம் கிடையாது, புள்ளிதான். மலிவான காகிதத்தில், தூசு படிந்த, ஆறு பாயின்ட் எழுத்துக்கு நடுவில் உள்ள புள்ளி. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது “புள்ளிகளை நீக்கு” என்ற வசதியை நாம் வேறு தட்டிவிடுகிறோம். அது தூசுப் புள்ளிக்கும் தசமப் புள்ளிக்கும் வித்தியாசம் பார்க்காது.

இன்னொன்று. பழைய கேட்டலாக்குகளில் கெப்பாசிட்டர் அளவான மைக்ரோஃபாரடை எம்.எஃப்.டி. அல்லது எம்.எஃப். என்றும், இன்று நாம் பிக்கோஃபாரட் என்று சொல்வதை எம்.எம்.எஃப். என்றும் போடுவார்கள். மைக்ரோ மைக்ரோ என்று அர்த்தம். நடுவில் ஒரு எம் விழுந்துவிட்டால் மதிப்பு பத்து லட்சம் மடங்கு மாறிவிடும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் படிக்கும் எழுத்துகள் இதைவிட வேடிக்கை. 1என்4148 டயோடின் முதல் எண்ணை ஆங்கில ஐ என்று படிக்கும், தேடினால் கிடைக்காது. ஓம் குறியைச் சில நேரம் சுழியம் என்று படித்து மதிப்பைப் பத்து மடங்காக்கும். டிரான்சிஸ்டர் பெயர்களின் முன்னால் வரும் 2என் என்பதை இசட்என் என்று படித்துவிட்டால் நமக்கு உடனே தெரிந்துவிடும் என்று நினைப்போம். தெரியாது. 2என்414 என்று ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உண்டு, இசட்என்414 என்று ஃபெரான்டியின் ரேடியோ ஐ.சி.யும் உண்டு. இரண்டுமே ஒரு கேட்டலாக்கில் இருக்கத் தகுந்தவைதான்.

இப்படியெல்லாம் பிழை வந்தால் எதோடு ஒப்பிட்டுத் திருத்துவது? டிஃபோடுதான். அதையும் அழித்துவிட்டால் பி.டி.எஃப். சொன்னதுதான் சட்டம்.

ஓ.சி.ஆர். வருடா வருடம் மாறுகிறது என்பதையும் யோசியுங்கள். நாம் பயன்படுத்தும் டெஸராக்ட் என்ற ஓ.சி.ஆர். மென்பொருள் 1985 முதல் பத்து வருடம் ஹெச்.பி. ஆய்வகத்தில் உருவாகி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பில்தான் நியூரல் நெட்வொர்க் முறை சேர்ந்தது. முன்பு அட்டவணைகளைக் குதறி வைத்த அதே பக்கங்களை மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஓட்டியபோது எவ்வளவோ மேலாக வந்தன, உங்களில் மூன்று பேர் அதைச் செய்துகாட்டினீர்கள். நசுக்கிய பி.டி.எஃப்.பை எடுத்து ஓட்டியவர்களுக்குப் பழைய குப்பைதான் திரும்ப வந்தது. அடுத்த பத்து வருடத்தில் இன்னும் நல்ல கருவி வரும். அதன் கையில் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ரெசிஸ்டர் வண்ணக் குறியீட்டு அட்டவணை உள்ள பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வைத்திருக்கிறோம். பழுப்பும் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல். யாருக்கு என்ன பிரயோஜனம்?

இடம் போதவில்லை என்கிறீர்கள். கணக்குப் போடுவோம். ஏ4 பக்கம் ஒன்றை 400 டி.பி.ஐ. முழு வண்ணத்தில் எடுத்தால் சுருக்காமல் சுமார் 46 எம்.பி. 200 பக்கக் கேட்டலாக் என்றால் 9 ஜி.பி.க்குக் கொஞ்சம் மேல். ஒரு 4 டி.பி. ஹார்ட் டிஸ்கில் இப்படிச் சுமார் 430 கேட்டலாக்குகள் அடங்கும், அதுவும் சுருக்காமல். இழப்பில்லாத சுருக்கம் போட்டால் இன்னும் கூடுதலாக. இரண்டு டிஸ்குகளில் நகல் எடுத்து இரண்டு பேர் வீட்டில் வைத்தாலும் பெரிய விஷயமில்லை. 600 டி.பி.ஐ. வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, அப்படி எடுத்தால் பக்கம் ஒன்றுக்கு 104 எம்.பி., உண்மையிலேயே கட்டாது. மிகப் பொடி எழுத்துப் பக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ஒரு கேட்டலாக்கைப் பிரித்து, துடைத்து, எடுத்து, சரிபார்க்க நமக்கு ஆகும் மணி நேரங்களோடு ஒப்பிட்டால் டிஸ்க் இந்த வேலையிலேயே மலிவான பொருள். அதைப்போய்ச் சிக்கனம் பண்ணுகிறோம்.

இரண்டாவது பிரதி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே பெட்டியில் ஒரே கேட்டலாக் நாலு வந்தால் எரிச்சல்தான். ஆனால் “அதே கேட்டலாக்” என்று அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டாண்டி பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தன் பெயரிலேயே கடைகள் நடத்தி அந்தந்த நாட்டுக்குக் கேட்டலாக் போட்டது. பொருள் பல நேரம் ஒன்று, விலையும் மின்னழுத்தமும் பிளக்கும் வேறு. ஒரு நாட்டுப் பதிப்பை வைத்து இன்னொரு நாட்டுப் பதிப்பும் நம்மிடம் இருப்பதாகக் குறித்திருக்கும் இரண்டு பதிவுகளை நேற்று நம் பட்டியலில் பார்த்தேன்.

அப்புறம், கேட்டலாக் வைத்திருந்தவர் சும்மா வைத்திருக்கவில்லை, அதிலிருந்து பொருள் வாங்கினார். கடைசிப் பக்கத்து ஆர்டர் படிவத்தைக் கத்தரித்து நிரப்பித் தபாலில் அனுப்பிவிட்டார். அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் என்ன இருந்தது? பல கேட்டலாக்குகளில் இன்டெக்ஸின் கடைசிப் பகுதி. அவருக்குப் பொருள் வந்து சேர்ந்தது, நமக்கு டி முதல் இசட் வரை போய்விட்டது. சோம்பேறியாக இருந்து எதையும் வாங்காத ஒருவரின் பிரதிதான் நம்மைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது பிரதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவரை எங்கே போய்த் தேடுவது?

இடையில் வரும் நோட்டீஸ்களையும் விடாதீர்கள். 1977 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவுக்கு 23 சேனல் என்பது 40 ஆனது. கடைகளில் தேங்கிய 23 சேனல் பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். வருடக் கேட்டலாக் பல மாதம் முன்பே தயாராகிவிடுகிற புத்தகம், இந்தக் கூத்து அதில் தெரியாது. இரண்டு தாள் தள்ளுபடி நோட்டீஸில்தான் தெரியும். அதைத்தான் நாம் “இதர துண்டுகள்” என்று ஒரு உறையில் போட்டு மூடி வைத்திருக்கிறோம், ஸ்கேன் செய்யாமல்.

காகிதம். இங்கேதான் நம்மில் பலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். இப்போதைய பெட்டிகள் எல்லாம் ஒருங்கிணைப்பாளரின் ஒரே அறையில் அடுக்கியிருக்கின்றன, அவர் நாற்காலியை நகர்த்த முடியவில்லை. அவர் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அவர் கேட்டது அறை. நாம் பதிலாகக் கொடுக்கப் பார்ப்பது பழைய பேப்பர்க்காரரை.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, மூலம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நாம் முதலில்லை. கடந்த நூற்றாண்டில் பெரிய பெரிய நூலகங்கள் செய்தித்தாள் தொகுதிகளை மைக்ரோஃபிலிமில் பிடித்துவிட்டு மூலத்தை விற்றன, தூக்கியும் போட்டன. ஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கங்கள் சாம்பல் கறையாகின. ஃபோகஸ் தவறிய பக்கத்தைத் திரும்ப எடுக்கலாம் என்றால் எதிலிருந்து எடுப்பது? அவர்கள் முட்டாள்கள் இல்லை, அன்றைக்கு இருந்த கருவியை முடிந்த முடிவு என்று நம்பினார்கள், அவ்வளவுதான்.

மாறாக நடந்ததும் உண்டு. 2015இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பழைய மின்னணுக் கருவிகளின் கையேடுகளை விற்றுவந்த ஒரு நிறுவனம் மூடப்படும்போது, ஜேசன் ஸ்காட் என்ற ஆவணக்காரர் அழைக்க, தன்னார்வலர்கள் கூடிச் சில நாள்களில் பல்லாயிரம் கையேடுகளைப் பெட்டிகளில் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். அப்போது ஸ்கேன் செய்யப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. காகிதத்தைக் காப்பாற்றி வைத்தார்கள், அவ்வளவே. அது இருந்ததால்தான் பல வருடம் கழித்து வசதி வந்தபோது இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவால் அவற்றை எடுக்க முடிந்தது.

அதனால் பழைய பேப்பருக்குப் போடுவதற்குப் பதில் பிரித்துக்கொள்வோம் என்கிறேன். ஆளுக்கு இரண்டு பெட்டி. எது யாரிடம் என்று ஒரே ஒரு விரிதாள். வெயில் படாத, ஈரம் இல்லாத இடம், தாள் மடங்காமல் படுக்கையாக வைத்தால் போதும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மட்டும் கழற்றிவிடுங்கள், அது தாளை அரித்துவிடும். வெள்ளைக் கையுறை, குளிரூட்டிய அறை எல்லாம் கேட்கவில்லை. செய்தித்தாள் ரகக் காகிதம் எப்படியும் பழுத்து உதிரும். உதிர்வதற்குள் இன்னொரு முறை எடுக்க வாய்ப்பு இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். முதல் நான்கு பெட்டிகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதுகை வெட்டவே கூடாது என்று சொல்கிற கட்சியும் நான் இல்லை. பசை செத்துப்போன, நம்மிடம் இரண்டு பிரதி உள்ள கேட்டலாக்கை வெட்டுங்கள். வெட்டும் முன் உள் ஓரத்தில் விலை நெடுவரிசை அச்சாகியிருக்கிறதா என்று நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். என் கேட்டலாக்கில் வெட்டியதோடு இடப்பக்கங்களின் கடைசி இலக்கமும் பாதி போய்விட்டது. வெட்டிய தாள்களை வரிசை மாறாமல் ஒரு உறையில் கட்டி வையுங்கள். மற்றவற்றை வி வடிவத் தாங்கியில் வைத்துக் கேமராவால் எடுப்போம், மெதுவாகத்தான் போகும். பின்பக்க எழுத்து தெரியும் மெலிந்த தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டை செருகினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காப்புரிமை பற்றி யாரோ பயமுறுத்தினார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1964க்கு முன் அமெரிக்காவில் வெளியாகி, உரிமை புதுப்பிக்கப்படாதவை பொதுவுடைமை. அதற்குப் பிந்தையவற்றில் பழைய நிறுவனமே நொடித்துப்போனவை பல: ரேடியோ ஷாக் 2015இல் திவால் மனு போட்டது, ஆஸ்திரேலியாவின் டிக் ஸ்மித் கடைகள் 2016இல் மூடின, மேப்லின் 2018இல். உரிமையாளர் என்று யாராவது வந்து கேட்டால் பொதுவில் வைத்த நகலை இறக்கிவிடுவோம். மூலக் கோப்பை அழிக்க வேண்டிய அவசியம் அதிலும் இல்லை.

எனவே மாதக் கடைசி வாக்கெடுப்பில் அந்த மூன்று யோசனைகளையும் தள்ளிவைக்கும்படி கேட்கிறேன். கூடவே என்னுடையது ஒன்று: பக்க எண்ணிக்கைப் பட்டியலை எடுத்துவிடுங்கள். அதில் இரண்டு முறை முதலிடம் பிடித்தவன் என்பதால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் என்னை அன்றைக்கு அவ்வளவு வேகமாக இழுக்க வைத்தது. அதற்குப் பதில் ஒவ்வொரு கேட்டலாக்குக்கும் இரண்டு பெயர் போடுவோம். எடுத்தவர் ஒருவர், காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பி.டி.எஃப்.போடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டவர் இன்னொருவர். இரண்டாவது பெயர் வராமல் எந்தக் கேட்டலாக்கும் மேசையை விட்டு நகரக் கூடாது.

கடைசியாக என் கேட்டலாக்கின் கதி. மூன்று வாரம் முன்பு ஒருவர் அதே பதிப்பை எனக்கு இரவல் அனுப்பினார். 112, 113 இருக்கின்றன, காயில்களும் ஃபெரைட் கம்பிகளும். எடுத்துவிட்டேன், நம் கோப்பில் சேர்த்தும் விட்டேன். மஞ்சள் தாள் இல்லை. ஆனால் டிரான்சிஸ்டர் பக்கங்களுக்கு நடுவில், எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும், நாலாக மடித்த தாள் அளவுக்கு ஒரு பழுப்புச் செவ்வகம் படிந்திருக்கிறது. மலிவுக் காகிதத்தின் அமிலம் பக்கத்தில் இறங்கிய கறை. இந்தப் பிரதியிலும் அந்தத் தாள் வருடக்கணக்கில் அங்கேதான் கிடந்திருக்கிறது, எப்போதோ யாரோ உருவிவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தேன், கறை தெரியவே இல்லை. வண்ணத்தில் எடுத்து டிஃபாக வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டிகளில், “இதர துண்டுகள்” உறைகளில், மடித்தால் அந்த அளவு வரும் மஞ்சள் தாள் ஏதாவது இருந்தால் தூக்கிப்போடும் முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஒருவன்